பெட்டி தூக்கிய கை

“எனக்குப் பசிக்கலைப்பா.”

பிலோமினா டீச்சர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பொங்கல் வாளியோடு குனிந்த சுருளியப்பன் அப்படியே நிமிர்ந்தார்.

பக்கத்தில் இருந்த ரீட்டா டீச்சரும் தட்டை ஓரமாக நகர்த்தினார். அவ்வளவுதான், அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த எட்டு ஆசிரியர்களுக்கும் ஒரே நேரத்தில் பசி போய்விட்டது.

வருசநாட்டு மலைக்குள் மூன்று நாள் ரப்பர் படகுப் பயணம். ஆற்றில் தண்ணீர் புரண்டு வருவதே வருசத்தில் ஒன்றரை மாதம்தான். பகலெல்லாம் துடுப்புப் போட வேண்டும். பொழுது சாய்ந்தால் கரையில் கூடாரம். இது இரண்டாம் நாள் காலை.

முந்தின நாள் சாயங்காலம் இதே சுருளியப்பன் வைத்த குழம்பை டீச்சர் மூன்று தரம் கேட்டு வாங்கினார். இடையில் நடந்தது ஒன்றுதான். விடிந்ததும் அவர் அந்தப் பெட்டியைத் தோளில் வைத்துப் படகுக்குக் கொண்டுபோனதை டீச்சர் பார்த்துவிட்டார்.

கழிப்பறைப் பெட்டி. கீழே பத்து ஊருக்கு இந்த ஆறுதான் குடிதண்ணீர் என்பதால் கரையில் யாரும் ஒதுங்கக் கூடாது. துணி மறைப்புக்குள் இருக்கும் தகரப் பெட்டியில்தான் எல்லாம். காலையில் மூடியை இறுக்கி, படகில் கட்டி, கடைசி வரை கூடவே கொண்டுபோக வேண்டும்.

“ஏப்பா, உனக்கு எந்த ஊரு?” என்று டீச்சர் அப்போதே விசாரித்திருந்தார். ஊரைச் சொன்னதும், “அங்கன எந்தத் தெரு?” என்றார். சுருளியப்பன் அதையும் சொன்னார். நம் பக்கத்தில் தெருவைக் கேட்பது விலாசம் எழுதிக்கொள்ள இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

படகை நடத்தும் ஜோ ஓடி வந்தான். டீச்சரின் சொந்தத் தெருக்காரன். ஏழாம் வகுப்பில் அவரிடம் படித்தவன்.

“என்ன டீச்சர், யாருமே சாப்பிடலை? நாளைக்கு மூணுபடி இருக்கு. தண்ணி அங்கன மூணு தரம் மடிஞ்சு விழும். கையில பலம் இல்லேன்னா படகு கவுந்துரும்.”

டீச்சர் அவனைத் தனியே அழைத்துப்போனார்.

“தப்பா நினைக்காத ஜோ. நான் வித்தியாசம் பாக்குறவ இல்ல. உனக்கே தெரியும், நன்னெறி வகுப்பு எடுத்தவ. ஆனா பெட்டியைத் தூக்குன கை சோறு போட்டா எப்படிப்பா உள்ள இறங்கும்? இது சுத்தம் சம்பந்தப்பட்ட விசயம்.”

“சோப்புப் போட்டு, மருந்துத் தண்ணியில கழுவிட்டுத்தான் டீச்சர் அடுப்புக்கே வருவாக.”

“என்ன கழுவி என்ன? யாரு தூக்குனாலும் எனக்கு அப்படித்தான்.”

ஜோ தலையாட்டினான். அவன் முகத்தில் கோபம் ஏதும் இல்லை. டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது.

சுருளியப்பன் ஒரு தார் வாழைப்பழத்தைக் கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டுப் போனார். தோல் இருக்கிற பண்டம் என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்தே அன்றைய பொழுது ஓடியது. சாயங்காலம் ரீட்டா டீச்சர் கிறுகிறுத்துப் போய்த் துடுப்பை நழுவவிட்டார்.

“நாளைக்கு இப்படியே இறங்குனா ஆத்தோட போக வேண்டியதுதான்” என்றார் அழாத குறையாக.

பிலோமினா டீச்சருக்கும் அதே பயம்தான். பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் சொன்ன சொல்லை எந்த முகத்தோடு மாற்றுவது? தலைவலி என்று சொல்லிச் சுருண்டு படுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் தூக்கியது ஜோ. எல்லார் கண்ணெதிரேயும் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். சுருளியப்பனை அடுப்புப் பக்கமே காணோம். சற்று நேரத்தில் ஜோ கையைக் கழுவிவிட்டுத் தக்காளிச்சோற்று வாளியோடு வந்தான்.

“டீச்சர், வைக்கவா?”

“வையிப்பா, நல்லா வையி.” டீச்சர் தட்டை நீட்டினார். “பாத்தியா ரீட்டா, படிச்ச புள்ள, படகுக்கே தலைவன், எல்லா வேலையும் இறங்கிப் பாக்குது. இதுக்குப் பேருதான் பணிவு.”

எட்டுப் பேருமாக வாளியை வழித்துவிட்டார்கள்.

மூணுபடியில் படகு செங்குத்தாக எழுந்தது. “போடு! போடு!” என்று ஜோ கத்தினான். எட்டுத் துடுப்பும் ஒன்றாக விழுந்தன. மூன்றாவது மடிப்பையும் தாண்டி, படகு அமைதியான தண்ணீரில் மிதந்தபோதுதான் டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிலுவை போட்டுக்கொண்டார்.

கரையேறியதும் ஜோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் சோறுதான் தம்பி எங்களைக் கரை சேத்துச்சு. என்ன ருசி!”

“சமைச்சது சுருளியப்பன் அண்ணன், டீச்சர். பாறைக்கு அந்தப் பக்கம் உக்காந்து சமைச்சாக. எனக்கு வெந்நி வைக்கக்கூட வராது.”

டீச்சர் கையை விட்டார். “அப்ப எங்களை ஏமாத்துனியா?”

“அண்ணன் சொல்லித்தான் செஞ்சேன். ‘பெட்டியை மறைக்காத, அவுக பாக்கவே தூக்கு. பெறகு நீயே சோத்தைப் போடு, சாப்பிடுவாக. வெறும் வயித்தோட யாரையும் மூணுபடியில இறக்கிறாத’ன்னாக.”

கொஞ்ச தூரத்தில் சுருளியப்பன் படகை அலசிக்கொண்டிருந்தார். டீச்சரால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

ஜோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நான்தான் டீச்சர் நம்பலை. ‘எங்க டீச்சருக்குப் பெட்டிதான் அருவருப்பு. நான் தூக்கினா என் கையிலயும் சாப்பிட மாட்டாக’ன்னு அண்ணன்கிட்ட அடிச்சுச் சொன்னேன்.”