நகராத முன்பற்கள்

1984 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. சென்னையில் பல் சீரமைப்பு மேற்படிப்பின் இறுதியாண்டில் இருந்த டாக்டர் சௌந்திரம், மாதந்தோறும் வருவதுபோல் அன்றும் சேலத்து மருத்துவமனைக்கு வந்து, பரமத்தி வேலூர்ப் பெண் சென்னியம்மாளின் பற்கம்பியைச் சோதித்தார். ஒன்றரை ஆண்டாகியும் எத்துப்பல் இம்மியும் உள்ளே போகவில்லை.

“ஏனுங்க டாக்டரம்மா, கம்பியக் கழட்டுன பொறகுதான் கண்ணாலத் தேதின்னு மாப்பிள்ளை ஊட்டுல காத்துக் கெடக்கறாங்க!” என்றாள் தாய் கண்ணாத்தாள்.

“எனக்கு மட்டும் அவசரமில்லீங்களா? இந்தப் பல்லை நேராக்கிக் காட்டினாத்தான் ஏப்ரல்ல என்னையப் பரீட்சை எழுத உடுவாங்க. நீங்க கொஞ்சம் வெளியே இருங்க.”

கதவு சாத்தப்பட்டது.

“இடப்பக்கக் கம்பி தளர்ந்திருக்குது. நீதானே கண்ணு?”

சென்னியம்மாள் தலைகுனிந்தாள். “ஆமாங்க. கண்ணாலமாயிட்டா என்னைய பி.எஸ்ஸி. முடிக்க உடமாட்டாங்க. அதான் மாசாமாசம் கொண்டை ஊசியால நெம்பிட்டேனுங்க. உங்க பரீட்சையையும் கெடுத்துப்புட்டேன்.”

பிறகு நாவால் கம்பியைத் தடவிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

“வலப்பக்கமும் ஆடுதுங்களே! அதை நான் தொடவே இல்லீங்க.”

சௌந்திரம் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“அது நான் தளர்த்தினது. நான் பாஸ் பண்ணினா அடுத்த முகூர்த்தத்துலயே எனக்குக் கண்ணாலம். அதுக்கப்புறம் வேலைக்கே போகக் கூடாதாம்.”

சிகிச்சை மேலும் ஓராண்டு நீளும் என்று கண்ணாத்தாளிடம் தெரிவிப்பதென முடிவாயிற்று. இனிமேல் இரு பக்கங்களையும் டாக்டரே தளர்த்துவதென்றும் முடிவாயிற்று.