பாறைக்குப் பின்னால்

முதலில் கடலைப் பறித்தார்கள். அடுத்து, சூரியனுக்குப் பதில் குழல்விளக்கை மாட்டினார்கள். அதன்பின் கண்ணாடியைத் தட்டிப் பார்க்கக் கூட்டத்தை விட்டார்கள்.

அறிவியல் அருங்காட்சியகத்தின் மீன் தொட்டியில் கிழட்டு ஆமை செங்கோடன் இப்படி வரிசையாகச் சொல்லி முடித்தது.

"இன்று எல்லோரும் பாறைக்குப் பின்னால் ஒளிவோம். முதலில் வெளியே வருபவன் துரோகி. அவன் பெயரை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பேன்."

"எங்களுக்குத் தண்ணியிலேயே மூச்சு. நீங்க மேலே போகணுமே, அண்ணே?" என்றது விலாங்கு.

"கொள்கை உள்ளவன் அடக்குவான்."

குடும்பங்கள் வந்தன. வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கோளரங்கத்துக்கு நகரத் தொடங்கின. அப்போது ஆமை மேலே போய் மூக்கை நீட்டி மூச்சு வாங்கியது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

கீழே இறங்கியபோது மீன்கள் இன்னும் பாறைக்குப் பின்னாலேயே இருந்தன. ஆமை தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தது:

"செங்கோடன்."