முன் சீட்டுக்கு அடியில்

“‘வண்டியை நான் யாருக்கும் கொடுக்கலை, வண்டியை நான் யாருக்கும் கொடுக்கலை’ன்னு காலையிலேருந்து இதையே சொல்லிட்டிருக்கீங்க. அப்ப அந்த ஓட்டை எப்படி வந்துச்சு?”

சந்திரலேகா வாசலில் நின்று கேட்டாள். அவள் கணவர் சிவராமன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஓட்டை என்றால் லேசுப்பட்ட ஓட்டை இல்லை. முந்தின நாள் மாருதியின் முன் சீட்டில் உட்கார்ந்து காலை ஊன்றினாள். செருப்பின் குதி ரப்பர் மிதியடியைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கி, கீழே பாரதியார் வீதி ஓடுவது தெரிந்தது.

அவள் அப்பா வாங்கிக் கொடுத்த வண்டி. பதினான்கு வருஷமாகக் கண்ணில் வைத்துக் காப்பாற்றுகிறாள். கால் துடைக்காமல் யாரையும் ஏறவிட மாட்டாள்.

ஓட்டையில் தகரம் வைத்து ஒட்டவேண்டுமானால் சீட்டைக் கழற்ற வேண்டும். சீட்டுக்கு நாலு போல்ட். மெக்கானிக் அருள்ராஜ் ஒன்பது மணிக்கு வந்தவன். பதினொன்றாகியும் ஒன்றுகூட அசையவில்லை. போல்ட்டின் ஆறு பட்டையும் மழுங்கிப்போய் ஸ்பானர் வழுக்கிக்கொண்டே இருந்தது.

“ஏம்ப்பா, நாலு போல்ட்டுக்கு நாள் பூரா உட்காருவியா?”

“அவசரப்பட்டா தலை முறிஞ்சிடும்மா. அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும்.”

போல்ட்டின் மேல் இன்னும் ரெண்டு சொட்டு டீசல் விட்டான். சின்னச் சுத்தியலால் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்தான்.

“என்ன, பேசுதாக்கும்?”

“பேசும்மா. இறுகிக் கிடந்தா ஒரு சத்தம். எண்ணெய் உள்ளே இறங்கிட்டா வேற சத்தம்.”

“ரொம்ப முக்கியமா விசாரிச்சுக்கோ.”

அருள்ராஜ் சிரித்துக்கொண்டே ஒரு சைஸ் சின்ன பாக்ஸ் ஸ்பானரை எடுத்து, மழுங்கின தலைமேல் வைத்து அடித்து இறக்கினான். கவ்விப் பிடித்துக்கொண்டது. வலது பக்கம் திருப்பினான்.

“கழட்டத்தானே சொன்னேன்? இறுக்குறியே?”

“ஒரு நூல் இறுக்குனாத்தாம்மா பிடியை விடும்.”

இறுக்கினான், விட்டான். மறுபடி இறுக்கினான், விட்டான். போல்ட் முனகியது. கால் சுற்று வந்தது. பிறகு அரைச் சுற்று. சந்திரலேகா திட்ட வந்ததை மறந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பிடிவாதமான இரும்பு திட்டாமல் மிரட்டாமல் மனசு மாறுவதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

வெளியே வந்த போல்ட்டை விரலால் தேய்த்தான் அருள்ராஜ். துரு ஏடு ஏடாக உரிந்தது.

“அம்மா, வண்டியில கடல் தண்ணி எப்ப பட்டுது?”

“கடல் தண்ணியா?”

“திருவேட்டக்குடியில பத்து வருஷம் போட் இன்ஜின் பார்த்தவன் நான். இது மழைத் துரு இல்லை, உப்புத் துரு. அதுவும் ரோட்டுலேருந்து ஏறலை. சீட்டு மேலேருந்து சொட்டிச் சொட்டி இறங்கியிருக்கு.”

சந்திரலேகா எழுந்து நின்றாள்.

“கேட்டீங்களா? யாருக்கும் கொடுக்கலையாம். பீச்சில ஆட்டம் போட்டுட்டு எவனோ சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்திருக்கான். வாய் திறந்து ஒருத்தனை வேண்டாம்னு சொல்லத் தெரியாது உங்களுக்கு.”

சிவராமன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

மற்ற மூன்று போல்ட்டும் அதே வைத்தியத்தில் வந்தன. சீட்டைத் தூக்கி வெளியே வைத்து, மிதியடியை உரித்தான். அடியில் கறுப்புச் சேறு காய்ந்து அப்பிக் கிடந்தது. சேற்றுக்குள் சிவப்பாக ஒரு கண்ணாடி வளையல்.

“ஓ. எவனோ இல்லையா?” சந்திரலேகாவின் குரல் இறங்கியது. அவள் கத்தும்போது பயமில்லை. குரல் இறங்கினால்தான் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். “வளையல் போட்ட ஆளா?”

மண்ணைத் தட்டிவிட்டுத் தன் கையில் மாட்டிப் பார்க்கப் போனாள். வளையல் மூன்று விரலுக்கு மேல் ஏறவில்லை.

குழந்தை வளையல்.

அருள்ராஜ் சேற்றைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். பிறகு சிவராமனைப் பார்த்தான்.

“சார், சுனாமி அன்னிக்கு எங்க ஊருக்கும் பெரியாஸ்பத்திரிக்குமா ஒரு வெள்ளை மாருதி ஓடிச்சாம். பொழுது சாயற வரைக்கும். கதவைக்கூட சாத்தாம, கைக்குக் கிடைச்சவங்களை எல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு. அது யாருன்னு எங்க சனம் இன்னிக்கும் கேட்டுட்டிருக்கு.”

சிவராமன் இல்லை என்று சொல்லவில்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சந்திரலேகா அரைப்பரீட்சை லீவுக்குப் பையனை அழைத்துக்கொண்டு கும்பகோணத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். நாலு வருஷம் ஆகிறது. எதிரே நிற்கிறவரை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். மாடியேறினாலே மூச்சு வாங்குகிற மனுஷர்.

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“அன்னிக்கு சாயங்காலம் போன் பண்ணினே. ‘நல்லாயிருக்கீங்களா’ன்னு கேட்டே. நல்லாயிருக்கேன்னேன். உடனே ‘வண்டிக்குள்ள தண்ணி கிண்ணி போகலையே’ன்னு கேட்டே.” குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். “போகலைன்னுட்டேன் லேகா. அதுக்கு மேல எங்கேருந்து ஆரம்பிக்கிறது?”

சந்திரலேகா வளையலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“இதைப் போட்டிருந்த குழந்தை பிழைச்சுதான்னு மட்டும் சொல்லுங்க.”

அருள்ராஜ் கழற்றின போல்ட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். சிவராமன் சீட்டு இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, சொல்லுங்க.”