நடக்காத கச்சேரி

"அக்கா, வந்துடுச்சு! நம்ம பேர் வந்துடுச்சு!"

தம்பி ஓடி வந்த வேகத்தில் பொத்தான் டப்பா கவிழ்ந்தது. தையற்காரி மெஷினிலிருந்து காலை எடுத்தாள். அவன் கையில் இருந்தது இசைப் பத்திரிகை. மாதாமாதம் ஒன்றாம் தேதி வருவது.

அதில் இரண்டு வரிக்காக ஆறு வருஷமாக ஏங்கிக் கிடந்தவள் அவள். பகலெல்லாம் தையல், சாயங்காலம் பாட்டு. தம்பி கிட்டார். ஊரில் எந்த மேடைக்கும் அந்தப் பத்திரிகைதான் சாவி. அதில் பேர் வராதவர்கள், பெரிய பாடகர் வந்து சேரும்வரை இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

"பத்திரிகையில ரெண்டு வரி வரட்டும்மா, பார்க்கலாம்." மண்டபக்காரரின் பல்லவி இது.

போன மாதம் ஒரு பெரிய பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட புண்ணியத்தில், முதல் முறையாக ஒரு முழுச் சனிக்கிழமை அவளுக்குக் கிடைத்தது.

வாங்கிப் படித்தாள். அவள் பேரும் தம்பி பேரும் கொட்டை எழுத்தில்.

'இருபதாம் தேதி சனிக்கிழமை மாலை ஒரு புதுக்குரல் கேட்டேன். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். இத்தனை நாள் இவரை எங்கே வைத்திருந்தோம்? கடைசிப் பாட்டைப் பாதியில் விட்டது மட்டும் குறை.'

இன்னொரு முறை படித்தாள். முகம் மாறியது.

"இருபதாம் தேதி கச்சேரி எங்கடா நடந்துச்சு?"

தம்பி தலையைச் சொறிந்தான்.

அன்றைக்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கரண்ட் போய்விட்டது. ஈ காக்காய்கூட வரவில்லை. மண்டபக்காரர் ஆறு மணிக்கே பூட்டைத் தொங்கவிட்டார். எதிரே பஸ் ஸ்டாப் கூரைக்கடியில் ஒரு மணி நேரம் நின்று, பக்கத்தில் வீறிட்ட ஒரு குழந்தையை எப்படியோ அமர்த்தி, பஸ் வந்ததும் அடித்துப் பிடித்து ஏறி, நனைந்த கோழியாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

"கத்தரிக்கோல் வீட்டுல உட்கார்ந்தே எழுதுறார்னு சொல்றது நிஜம்தான் போலிருக்கு" என்றான் தம்பி.

கத்தரிக்கோல் என்பது அந்த விமர்சகருக்குப் பாடகர்கள் வைத்த பெயர். பெரிய பெரிய ஆட்களையே நறுக்கிப் போட்டவர். ஆனால் அவர் முகத்தை இவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"அளவே எடுக்காம சட்டை தைச்சிருக்கார். அதுல குறை வேற! பாடவே பாடாத பாட்டை நான் பாதியில விட்டேனாம்."

போன் அடித்தது. மண்டபக்காரர்.

"பார்த்தேன்மா! இனிமே மாசாமாசம் முதல் சனிக்கிழமை உனக்குத்தான்."

"அண்ணே, அன்னைக்கு மண்டபத்தைப் பூட்டினதே நீங்கதானே?"

"அதனால என்ன? அதான் பத்திரிகையில வந்துடுச்சே!"

தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, வலிய வர்ற சீதேவியை எட்டி உதைக்காதே."

"நான் ஏங்கினது எழுத்துக்காகவாடா? நம்ம பாட்டை ஒருத்தராவது முழுசாக் கேட்க மாட்டாங்களான்னுதானே? கேட்டுட்டுத் திட்டியிருந்தாக்கூட சந்தோஷப்பட்டிருப்பேன்."

கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிட்டாள்.

அச்சகத்தின் மாடியில் ஒரே அறை. பழைய இதழ்க் கட்டுகளுக்கு நடுவே ஒரு பெரியவர்.

"விமர்சனம் எழுதுறது..."

"நான்தான். உட்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. பத்திரிகையை மேஜைமேல் போட்டாள்.

"நடக்காத கச்சேரிக்கு எப்படி சார் எழுதினீங்க? அடுத்த மாசம் மறுப்புப் போட்டுடுங்க. கிடைச்ச மேடை போனாலும் பரவாயில்லை. கேட்காம எழுதின பாராட்டு எனக்கு வேண்டாம்."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மழையில நனைஞ்சுகிட்டே மண்டபம்வரைக்கும் வந்தேன்மா. பூட்டியிருந்தது. வாசல் போர்டுல உங்க ரெண்டு பேர் பேரும் படமும் இருந்தது. எதிர்ல பஸ் ஸ்டாப்புல ஒதுங்கினேன். ஒரு குழந்தை அழுதுச்சு. அதுக்காக நீங்க பாட ஆரம்பிச்சீங்க. உங்க தம்பி கிட்டாரை உறையிலேருந்து எடுக்காமலே மேல தாளம் போட்டார்."

அதை அவள் கச்சேரியாகவே நினைக்கவில்லை.

"குழந்தை தூங்கினப்புறமும் நீங்க நிறுத்தலை. நாலு பாட்டு. அங்க நின்ன பதினோரு பேரும் ரெண்டு பஸ்ஸை ஏறாம விட்டோம்."

"அப்போ... பாதியில விட்டேன்னு எழுதினது?"

"அஞ்சாவது பாட்டு. உங்க பஸ் வந்துடுச்சு. ஓடிப்போய் ஏறிட்டீங்க."

பெரியவர் எழுந்து, கீழே அச்சு மெஷின் சத்தம் கேட்காதபடி கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பத்து நாளா அது காதுலயே நிக்குது. மீதியைப் பாடுங்கம்மா."