முரளிதரன் பேசப் போகிறார்

"ரஞ்சிதம்! என் வெள்ளைச் சட்டை எங்க?"

"ஊற வெச்சிருக்கேங்க."

முரளிதரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னைக்கா ஊற வெச்ச? பஸ் டிப்போ மேனேஜரைப் பார்க்கணும்னு ராத்திரியே சொன்னேனே!"

"காலர்ல ஒரே அழுக்கு. வேற சட்டையா இல்ல?"

முரளிதரனுக்குத் திருத்தணி கடைத்தெருவில் பாத்திரக் கடை. அதோடு அவர் குடியிருக்கும் நகரின் நலச் சங்கச் செயலாளர். மனசு மட்டும் எப்போதும் இளைஞர்கள் பக்கம்தான். "பிள்ளைங்களுக்காகப் பேச ஒரு ஆள் வேணும்" என்பார். அந்த ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

பிரச்சினை இதுதான். காலையில் அவர்கள் நகர் வாசலில் பஸ் நிற்பதில்லை. காலேஜ் பிள்ளைகள் கையைக் காட்டினால், டிரைவரும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். தினமும் முதல் வகுப்பு அம்பேல். பக்கத்து வீட்டு அனுராதாவுக்கு அட்டெண்டன்ஸ் குறைந்து, இனியும் தாமதமாக வந்தால் பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகளே அலைந்து மேனேஜரிடம் நேரம் வாங்கினார்கள். அது முரளிதரன் காதுக்கு எட்டிவிட்டது.

"நீங்க சும்மா பின்னால நில்லுங்க. மாமா பேசிக்கறேன்."

"இல்ல மாமா, நாங்களே..." என்று இழுத்தான், அனுராதாவோடு படிக்கும் இளம்பரிதி.

"உனக்கு இன்னாடா தெரியும், ஆபீசர்கிட்ட பேச?"

போன வருஷம் தெருவிளக்கு கேட்டுப் போனபோதும் அவர்தான் பேசினார். தான் சிம்னி விளக்கில் படித்த கதையில் ஆரம்பித்து, கேப்பைக் களி, கிழிந்த டவுசர் என்று விரிவாகவே பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி கடைசியில் எழுந்தே நின்றுவிட்டார். விளக்கு இன்னும் வரவில்லை. அது வேறு விஷயம்.

நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தால், வண்டிச் சாவியைக் காணோம். டிவி மேல் இல்லை. ஆணியில் இல்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டிய பிறகு, அரிசி டிரம்முக்குள் கைவிட்டு ரஞ்சிதமே எடுத்துக் கொடுத்தாள்.

"அரிசிக்குள்ள எப்படிடீ போச்சு?"

"படி எடுக்கறப்போ விழுந்திருக்கும். இருங்க, நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"நீங்க பேசறதைக் கேக்கணும்னு ஆசையா இருக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை. முரளிதரன் குளிர்ந்து போனார். அவள் புடவை மாற்றி, தலை பின்னி, பூ வைத்து முடிக்கிறவரை குளிர்ந்தே இருந்தார்.

மலையடிவாரம் வந்ததும் முதுகில் தட்டினாள். "நிறுத்துங்க. நல்ல காரியத்துக்குப் போறோம். படிக்கட்டாண்ட ஒரு கற்பூரம் ஏத்திட்டுப் போலாம்."

"அப்புறம் ஏத்திக்கலாம்!"

"முருகனையே காக்க வெக்கறதா?"

முருகன் காக்கவில்லை. மேனேஜர்தான் காத்துக்கொண்டிருப்பார். கற்பூரம் காற்றில் அணைய அணைய அவள் புதிதாக ஏற்றினாள். ஒரு வழியாக முரளிதரன் கும்பிட்டு நிமிர்ந்தால், அவளைக் காணோம். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே தேடித் தேடி, கடைசியில் வளையல் கடையில் கண்டுபிடித்தார்.

"ஏய், உனக்கு மூளை இருக்குதா? பிள்ளைங்க அங்க வாயத் தொறக்கத் தெரியாம முழிச்சிகினு இருக்கும்!"

"ஆங், வந்துட்டேன், வந்துட்டேன். இந்தப் பச்சை நல்லா இருக்குதா பாருங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா, நாளையிலேருந்து பஸ் நிக்கும்!" என்று கத்தினான் இளம்பரிதி. "அனுதான் பேசினா. எந்த பஸ், எத்தனை பேர், எந்த கிளாஸ் போகுதுன்னு ரெண்டே நிமிஷம். அவரு அங்கியே போன் போட்டுச் சொல்லிட்டாரு."

"நான் இல்லாமயேவா?" முரளிதரன் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? உன்னால பாவம், பிள்ளைங்க தனியா நின்னுதுங்க. எப்படி பயந்துச்சோ!"

அவர் முறைத்துக்கொண்டே வண்டியை நிழலில் நிறுத்தப் போனார். திரும்பி வரும்போது, முதுகைக் காட்டி நின்ற அனுராதாவின் குரல் கேட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் அத்தை. கொஞ்ச நேரம் தடுத்து வெச்சா போதும்னுதான் கேட்டோம். நீங்க வரவே விடாம பண்ணிட்டீங்களே!"

ரஞ்சிதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பஸ்ஸை நிறுத்தறது சுலபம்டீ. இந்த மனுஷனை நிறுத்தறதுக்குள்ள என் உசிரு போயிடுச்சு."

முரளிதரன் அப்படியே நின்றார். காது இரண்டும் சூடாயின.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வெளியே வந்தார். "நீங்கதான் இவங்களோட வந்த பெரியவரா? ஏதாவது சொல்லணுங்களா சார்?"

பிள்ளைகளின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அப்போதுதான் திரும்பிய அனுராதா, அவர் பின்னால் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள்.

முரளிதரன் வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்தார். மேனேஜரைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க. அனுராதா சொன்னதுதான்."