சிவப்பு வட்டம்

நூறு மைல் தள்ளி, கணினித் திரையில் தெரிந்த கருப்பை வாய்ப் படத்தில் டாக்டரம்மா விரலால் வட்டமிட்டார். அடுத்த நொடியே அந்தச் சிவப்பு வட்டம், கிளினிக்கில் நர்ஸ் கண்ணில் மாட்டியிருந்த கணினிக் கண்ணாடியில், அதே படத்தின் மேல் வந்து நின்றது.

“வினிகர் தடவினதும் இந்த இடம் வெளுத்திருக்கு பாரு. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியே ஆகணும். என்ன வயசு?”

“நாப்பத்தாறு, டாக்டர்.”

“முன்னாடி பரிசோதனை பண்ணியிருக்காங்களா?”

“நேரமே கிடைக்கலைன்னு சொன்னாங்க.”

“படிக்காதவங்களா?”

“நல்லா படிச்சவங்க.”

“அப்படியும் இவ்வளவு அலட்சியமா? உடனே கூப்பிட்டுச் சொல்லு. இப்பவே கவனிச்சா குணப்படுத்திடலாம்.”

“சொல்ல நாக்கு எழலை, டாக்டர்.”

“சரி, அவங்க நம்பரைக் குடு. நானே பேசறேன்.”

“போன வாரம் இந்தக் கண்ணாடியைப் பழக்க வந்தீங்களே, ‘முதல்ல என்னையே பாத்துக் கத்துக்கோ’ன்னு படுத்தீங்களே... அன்னிக்கு எடுத்த படம் டாக்டர் இது. யாருன்னு தெரிஞ்சா உங்க கண்ணு தடுமாறிடுமேன்னுதான் சொல்லலை.”

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

“சதை எடுக்கிறப்போ... ரொம்ப வலிக்குமா?”