விருப்ப நீக்கம்

“என் பேர அடிச்சிடுங்க சார். அதுக்குத்தான் ரெண்டு மாடி ஏறி வந்திருக்கேன்.”

மூச்சு வாங்க நின்ற அந்த அம்மாவுக்குக் காப்பீட்டுப் பிரிவு எழுத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மாநகராட்சி முழுக்க அவருக்குக் ‘கத்திரி’ என்றுதான் பெயர். ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, எப்படியாவது குறையுங்கள் என்று மேலிடம் நெருக்கியபோது, வழி கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அப்பா அம்மா பெயரைக் காப்பீட்டு அட்டையில் வைத்திருந்தால் சம்பளத்தில் பிடித்தம் கூடும். வேண்டாம் என்கிறவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பெயரை எடுத்துவிடலாம். அதற்கு ‘விருப்ப நீக்கம்’ என்று அழகாகப் பெயர் வைத்ததும் அவரே. மேலிடம் முதுகில் தட்டிக் கொடுத்தது.

போன மாதம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். ஒருவராவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! படிவத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, திருடிவிட்டு ஓடுகிறவர்களைப் போல நழுவினார்கள். அன்றிலிருந்து கத்திரிக்கும் யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியாமல் போயிற்று.

“உங்க பையன் யாரும்மா?”

“தெருவிளக்கு ரிப்பேர் பண்றானே, நெட்டையா ஒருத்தன். இவனுக்கு ஏணியே வேண்டாம்னு கேலி பண்ணுவாங்களே, அவன்தான்.”

கத்திரிக்கு உடனே ஆள் தெரிந்துவிட்டது. அந்த நெட்டையன்! கடைசி நாள், கதவை அடைக்கிற நேரத்துக்கு வந்து, கையெழுத்துப் போடுவதற்குள் பேனாவை மூன்று தடவை கீழே போட்டவன். இந்த அம்மாவின் பெயரை எடுத்தே ஒரு மாதம் ஆகப்போகிறது.

“அவனுக்குத் தெரியாம வந்திருக்கேன் சார். தெரிஞ்சா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். மூணு பிள்ளைங்க படிக்குது, பாவம் ஒத்த ஆளா இழுத்துட்டிருக்கான். எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

சொல்லிக்கொண்டே இடது கண்ணைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். அந்தக் கண்ணில் புரை பால் போல மூடியிருந்தது.

“கண்ணு ஆபரேஷன் பண்ணணும் போலிருக்கேம்மா?”

“ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. ரெண்டு கண்ணாலயும் பாக்கற அளவுக்கு அப்படி என்ன நடக்குது இந்த ஊர்ல?”

பக்கத்து மேசையில் கணினி முன்னால் இருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே நெட்டையனின் பணி எண்ணைத் தட்டிப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

“சார், இவங்க பேருதான் ஏற்கெனவே...”

“ஏற்கெனவே பதிவாகி இருக்கு, தெரியும். நீ போய் எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வா.”

“இப்பத்தானே சார் குடிச்சீங்க?”

“இன்னொண்ணு குடிக்கணும்போல இருக்கு. போம்மா!”

அவர் முகத்தைப் பார்த்தாள் அவள். என்ன புரிந்ததோ, எழுந்து போனாள்.

பெற்ற பிள்ளையே பெயரை அடித்துவிட்டான் என்பது தெரியாமலே இந்த அம்மா படியிறங்கிப் போய்விட வேண்டும். கத்திரிக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“தங்கமான பிள்ளை சார். உன் பேர எடுக்கறதுக்கு என் கைய வெட்டிக்கலாம்னு சொல்லுவான்.”

“நல்ல பிள்ளைம்மா” என்றார். அந்தக் கைக்குப் பேனாவை எடுத்துக் கொடுத்தவர் அவரல்லவா? தன்னுடைய அம்மா இன்று உயிரோடு இருந்திருந்தால்... அதற்குமேல் நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

புதுப் படிவம் ஒன்றை எடுத்து மளமளவென்று நிரப்பினார். ஊழியர் கையெழுத்துக்கு இடம் இருந்தது. பெற்றவர்கள் கையெழுத்துக்கு இடமே இல்லை. படிவம் தயாரித்தபோது அவருக்கு அது தோன்றக்கூட இல்லை. அடியில் ஒரு கோடு போட்டு, “இங்க போடுங்கம்மா” என்றார்.

அந்த அம்மா காகிதத்தை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அவள் போனதும் இதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் கத்திரி.

“அவ்வளவுதாம்மா. முடிஞ்சுது. நீங்க பத்திரமா இறங்கிப் போங்க.”

“எனக்கு ஒரு நகல் வேணுமே. முத்திரை குத்தி.”

“நகல் எதுக்கும்மா?”

“முத்திரை குத்தினாத்தானே சார் காகிதத்துக்கு மதிப்பு?”

சரி, கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நகல் எடுத்து வந்தார். தேதி முத்திரையை மையில் அழுத்தி ஓங்கினார்.

“கொஞ்சம் இரு தம்பி.”

சார் எப்போது தம்பி ஆனார்? கை அப்படியே நின்றது. அந்த அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். டீ வாங்கப் போன பெண் இன்னும் வரவில்லை. மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அதுல தேதிய மட்டும் போன மாசம் முதல் வாரத்துக்குத் திருப்பி வச்சுக் குத்துப்பா.”

“எதுக்கும்மா?”

“அவன் என் பேர எடுத்தது எனக்குத் தெரியும்பா. அன்னையிலிருந்து என் முகத்தப் பாத்து ஒரு வாய் சாப்பிடல. ‘அட, அதுக்கு முன்னாடியே நானா எழுதிக் குடுத்துட்டேன்டா’ன்னு இதக் காட்டினா, பிள்ளை தலை நிமிந்து உக்காந்து சாப்பிடுவான்ல?”